படத்தில் விழாதவர்கள்

ஒளிப்படங்களைக் கொண்டு வெளிவந்த முதல் நூலில் மனித முகம் ஒன்றுகூட இல்லை. கடற்பாசிகள்தான் இருக்கின்றன. 1843 அக்டோபரில் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் வாழ்ந்த ஆனா அட்கின்ஸ் என்ற பெண் அந்த நூலின் முதல் பகுதியைத் தன் கையாலேயே செய்து நண்பர்களுக்கும் அறிவியல் கழகங்களுக்கும் அனுப்பினார். பிரித்தானியக் கடற்பாசிகளைப் பற்றிய நூல் அது. இரும்பு உப்புக் கரைசலைத் தாளில் பூசி இருட்டில் உலர்த்துவார். பாசியை அதன்மேல் பரப்பிக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் வைப்பார். பிறகு வெறும் தண்ணீரில் அலசினால் போதும். வெயில் பட்ட இடம் ஆழ்ந்த நீலமாகும், பாசி கிடந்த இடம் வெள்ளையாக நிற்கும். கேமரா கிடையாது. முந்தைய ஆண்டு ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த முறை இது. பின்னாளில் கட்டட வரைபடங்களைப் படியெடுக்கப் பயன்பட்டு 'புளூபிரிண்ட்' என்ற பெயரில் நம் பொறியாளர்களின் வாயிலும் புழங்கியது இதே நீலம்தான்.

பத்தாண்டுகள் இந்த வேலையைச் செய்தார் அட்கின்ஸ். ஒரு படிக்கு ஏறத்தாழ நானூறு படங்கள். ஒவ்வொரு படியின் ஒவ்வொரு தாளும் தனித்தனியாக வெயிலில் காய்ந்தது. தலைப்பையும் முன்னுரையையும்கூட அச்சுக்கோக்கவில்லை. தன் கையெழுத்தையே வெயிலில் வைத்துப் படமாக்கினார். நூலில் பெயர் போடாமல் இரண்டு 'ஏ' எழுத்துகளை மட்டும் போட்டார். பிற்காலத்தில் அந்த நூலைப் பார்த்த ஓர் ஆய்வாளர் அதைப் 'பெயர் அறியாத பொழுதுபோக்காளர்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்தாக எடுத்துக்கொண்டார். 1844இல் வெளிவரத் தொடங்கிய ஃபாக்ஸ் டால்பட்டின் 'இயற்கையின் பென்சில்' நூலுக்கே முதல் என்ற பெருமை நெடுங்காலம் சேர்ந்தது. விற்பனைக்காக வெளியிடப்பட்ட முதல் ஒளிப்பட நூல் என்ற அளவில் அந்தப் பெருமை இன்றும் அவருக்கு உண்டு. காசுக்கு விற்றால் வெளியீடு, கையால் செய்து கொடுத்தால் கைவேலை என்ற கணக்கு நமக்குப் புதிதல்ல. நம் வீட்டு அடுப்படிகளில் அதைப் பார்த்துத்தான் வளர்ந்தோம்.

'முதல் பெண்' பட்டியல்களில் எனக்குப் பெரிய ஆர்வம் கிடையாது. பொது அறிவுத் தேர்வுக்குப் பயன்படும் என்பதைத் தவிர அவற்றால் விளங்குவது குறைவு. அட்கின்ஸின் நூலில் என்னைப் பிடித்து நிறுத்துவது வேறொன்று. ஒளிப்படம் என்ற தொழில்நுட்பம் நூலுக்குள் வந்த அந்த முதல் நாளில், படம் எடுப்பவருக்கும் எடுக்கப்படுவதற்கும் இடையே யாருடைய மானமும் கிடக்கவில்லை. பாசியிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அந்தக் குற்றமற்ற காலம் வெகு சீக்கிரம் முடிந்துபோனது. 1853இல் அட்கின்ஸ் தன் தோழி ஆன் டிக்சனோடு சேர்ந்து செய்த பெரணிச் செடிப் படத்தொகுப்பிலேயே சில தாள்களில் ஜமைக்கா என்றும் சிலோன் என்றும் எழுதியிருக்கிறது. அந்தச் செடிகள் கென்ட்டுக்குத் தாமாகப் போகவில்லை. சிலோன் என்று எழுதப்பட்ட அந்தக் காலத்தில்தான் தஞ்சை, திருச்சி, மதுரைப் பகுதிகளிலிருந்து நம் மக்கள் நடந்தும் தோணியேறியும் அந்தத் தீவின் காப்பித் தோட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். செடிக்கு நீலத்தில் ஒரு தாள் கிடைத்தது.

நம் ஊர்ப் பக்கம் வருவோம். திருக்காட்டுப்பள்ளியிலிருந்து கிழக்கே ஆற்றோடு போனால் திருவையாறு, அங்கிருந்து தெற்கே தஞ்சாவூர். இந்த இரண்டு ஊர்களையும் படமெடுத்து நூலாக வெளியிட்டவர் லின்னேயஸ் டிரைப். கம்பெனியின் சென்னைப் படையில் கேப்டன். 1856இல் சென்னை மாகாண அரசு அவரைத் தன் ஒளிப்படக்காரராக அமர்த்தியது. 1857 டிசம்பரில் மாட்டு வண்டிகளில் கேமராவும் ரசாயனப் பெட்டிகளும் ஏற்றிக்கொண்டு கிளம்பிய அவர் சீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றினார். 1858இல் அந்தப் படங்கள் தொகுதி தொகுதியாக வெளிவந்தன. அவற்றில் ஒன்று 'தஞ்சாவூர், திருவாதி' பற்றியது. வெள்ளைக்காரர் வாயில் திருவையாறு அப்படித்தான் திருவாதி ஆனது. காவிரி டெல்டாவின் ஒளிப்பட நூல் வரலாறு இந்தத் தொகுதியிலிருந்து தொடங்குகிறது என்று சொல்லலாம். படமெடுத்தது காகித நெகட்டிவில். தாளுக்கு மெழுகேற்றி, வெள்ளி உப்பில் நனைத்து, கேமராவில் வைத்து, வெளிச்சம் ஊறும்வரை காத்திருக்க வேண்டும். நம் வெயிலில் மெழுகு இளகிவிடும் என்பதால் விடியற்காலை வேலைதான் அவருக்குத் தோதாக இருந்தது.

அந்தப் படங்களைப் பார்த்திருக்கிறீர்களா? இப்போது பல அருங்காட்சியகங்களின் இணையப் பக்கங்களில் இலவசமாகவே கிடைக்கின்றன. பெரிய கோயில் விமானம், சுப்பிரமணியர் சந்நிதி, கோட்டை அகழி எல்லாம் அவ்வளவு துல்லியம். கல்லின் சொரசொரப்பு விரலில் படும்போல இருக்கும். விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டி ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக ஆக்கினார். கல்வெட்டு எழுத்தைப் பழகும் மாணவர்களுக்கு இன்றும் அது ஒரு பொக்கிஷம். ஆனால் பெரும்பாலான படங்களில் ஆளே இல்லை. கோபுரம் இருக்கிறது, ஆளைக் காணோம். அசைகிற எதுவும் அந்தத் தாளில் தங்காது. பாரிஸில் டாகேர் 1838இல் எடுத்த கடைத்தெருப் படத்திலும் அப்படித்தான். வண்டியும் கூட்டமுமான தெருவில், காலணிக்கு மெருகு போட்டுக்கொள்ள அசையாமல் நின்ற ஒரு மனிதர் மட்டும் விழுந்தார். மெருகு போட்டவர் நிழலாக அருகில் இருக்கிறார். நிற்க நேரம் உள்ளவர்தான் படத்தில் விழுவார். விடியற்காலையில் நிற்க நேரமில்லாதவர்கள் யார் என்பதைப் பெண்களுக்கு நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

இதை வெறும் ரசாயனக் கோளாறு என்று விட்டுவிடலாமா? விடலாம்தான், ஒரு செய்தி தெரியாவிட்டால். நீல வானம் அந்தக் காகித நெகட்டிவில் சரியாக வராது, வெளிறிப்போய்விடும். அதனால் டிரைப் நெகட்டிவின்மேல் தூரிகையால் மேகங்களை வரைந்து சேர்த்தார். மரத்தின் இலைகளையும் நீரின் பிரதிபலிப்பையும்கூடச் சில படங்களில் திருத்தினார். இல்லாமல்போனவற்றில் எதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று ஒருவர் முடிவெடுத்திருக்கிறார். மேகம் வேண்டும் என்று தோன்றியது. கோலம் போட்டவரும் குடமெடுத்தவரும் சாணி அள்ளியவரும் வேண்டும் என்று தோன்றவில்லை. அவர் கொடுமைக்காரர் என்று நான் சொல்லவரவில்லை. கட்டடங்களை ஆவணப்படுத்துவது அரசு கொடுத்த வேலை, அதை அசாத்தியத் திறமையோடு செய்தார். 1859இல் கவர்னராக வந்த டிரெவெலியன் இதெல்லாம் ஆடம்பரச் செலவு என்று அந்த வேலையையே நிறுத்திவிட்டார். அரசுக்கு மேகமும் வேண்டாம், கோபுரமும் வேண்டாம் என்றாகிவிட்டது.

அந்த ஆளற்ற தஞ்சாவூரில் அப்போது யார் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். 1855இல் மன்னர் சிவாஜி ஆண் வாரிசில்லாமல் இறந்தார். கம்பெனி நாட்டை எடுத்துக்கொண்டது. மறு ஆண்டு அரண்மனைக்குள் புகுந்து தனிச் சொத்துகளையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. மூத்த அரசி காமாட்சி பாயி சாகேபா சும்மா இருக்கவில்லை. சென்னையின் உச்ச நீதிமன்றத்தில் கம்பெனிமீது வழக்குப் போட்டார், அங்கே தீர்ப்பும் அவர் பக்கம் வந்தது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. 1859இல் வந்த தீர்ப்பு விசித்திரமானது. கம்பெனிக்கு இந்தச் சொத்தில் சட்டப்படியான உரிமை எதையும் காண்பது கடினம் என்று நீதிபதிகளே ஒப்புக்கொண்டார்கள். ஆனாலும் இது அரசுச் செயல், இதை எந்த நீதிமன்றமும் விசாரிக்க முடியாது என்று முடித்துவிட்டார்கள். சட்ட மாணவர்கள் இன்றும் இந்த வழக்கைப் படிக்கிறார்கள். கேப்டன் தன் முக்காலியோடு தஞ்சாவூர் வந்தது இந்த வழக்கு நடந்த காலத்தில்தான். ஒரு பேரரசோடு வழக்காடிய பெண் வசித்த ஊரின் அந்த ஆண்டுப் படத்தொகுதியைப் புரட்டினால் வழக்கின் சுவடே இல்லை. கோஷா முறையில் இருந்த அரசியை எந்தக் கேப்டனும் படமெடுத்திருக்க முடியாது என்பது உண்மை. அந்தத் திரை அவருக்குச் சிறையாகவும் இருந்தது, இந்த ஒரு விஷயத்தில் பாதுகாப்பாகவும் இருந்தது. இந்த இரட்டைத்தன்மையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு திரையும் இருந்தது. கேமரா 1858இல் பெரிய கோயில் முற்றத்துக்குள் போய்விட்டது. அந்தக் கோயிலின் வயல்களில் தலைமுறை தலைமுறையாக நாற்று நட்ட சேரிப் பெண்கள் உள்ளே போக, 1939இன் கோயில் நுழைவுச் சட்டம் வரவேண்டியிருந்தது. 81 ஆண்டுகள். ஆகவே டிரைப் படத்தில் அவர்கள் இல்லாததற்கு மெழுகுத் தாளின் வேகக்குறைவை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. முற்றத்தில் அவர்கள் அசையாமல் நின்றிருந்தாலும் விழுந்திருக்க மாட்டார்கள். நிற்கவே விட்டிருக்க மாட்டார்கள்.

இங்கே பெண்ணியம் படித்த நமக்குக் கைவசம் ஒரு பதில் இருக்கிறது. வரலாற்றிலிருந்து அழிக்கப்பட்டோம், மறைக்கப்பட்டோம், இனி எங்களைக் காட்டுங்கள் என்கிறோம். நானும் பல மேடைகளில் இதைப் பேசியிருக்கிறேன். இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் காட்டப்படுவது என்றால் என்ன என்று அடுத்த இருபது ஆண்டுகளின் படங்களைப் பார்த்தபிறகுதான் கேட்கத் தோன்றும்.

டிரைப் தஞ்சாவூரில் இருந்த அதே 1858இல் பெலிசே பியாட்டோ லக்னோவில் சிக்கந்தர் பாக் மாளிகையைப் படமெடுத்தார். அதில் ஆட்கள் உண்டு. முற்றத்தில் சிதறிக் கிடக்கும் எலும்புகளாக இருக்கிறார்கள். முந்தைய ஆண்டு கொல்லப்பட்டவர்களின் எலும்புகளைப் படத்துக்காகவே வெளியே எடுத்துப் பரப்பினார்கள். பிறகு 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக 'இந்திய மக்கள்' என்ற நூல் வந்தது, 468 படங்களோடு. பெண்களும் இருக்கிறார்கள். பெரும்பாலான படங்களுக்குக் கீழே சாதிப் பெயரும் இனப் பெயரும் உண்டு, ஆளின் பெயர் கிடையாது. இந்தச் சாதியார் எப்படிப்பட்டவர்கள், நம்பத்தக்கவர்களா, அடங்காதவர்களா என்ற குறிப்புகளும் கூடவே. கலகத்துக்குப் பிறகு ஆள்பவர்களுக்குத் தேவைப்பட்ட அடையாளப் பட்டியல் அது. ஒரு பெண்ணை உட்காரவைத்துப் படமெடுத்து அவளுடைய சாதி முழுவதற்கும் அவளை மாதிரியாக்கிவிட்டால், அவள் படத்தில் விழுந்தாளா, படத்துக்குள் தொலைந்தாளா?

1876-78 பஞ்சம் சென்னை மாகாணத்தைத் தின்றபோது டபிள்யூ. டபிள்யூ. ஹூப்பர் என்ற இராணுவ அதிகாரி எலும்பும் தோலுமான குடும்பங்களை வரிசையாக உட்காரவைத்துப் படமெடுத்தார். இலவச நிவாரணத்துக்குத் தகுதியானவர்கள் என்று பொருள்படும் தலைப்பு ஒரு படத்துக்கு. தாய்மார்களின் மடியில் குழந்தைகள். அவர்கள் அசையவில்லை. அசையத் தெம்பில்லை. படத்தில் விழுவதற்கு நிற்க நேரம் வேண்டும் என்று சற்றுமுன் சொன்னேன். நிற்க மட்டுமே முடிந்தவர்களும் விழுவார்கள்.

சரி, கேமரா ஆண் கையில் இருந்ததுதான் சிக்கல் என்று சொல்லிப் பார்க்கலாம். ஜூலியா மார்கரெட் கேமரூன் 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். ஒளிப்படக் கலையின் மாபெரும் பெயர்களில் ஒன்று. டென்னிசன், டார்வின், நீலப்படம் கண்டுபிடித்த அதே ஹெர்ஷல் எல்லாரும் அவர் கேமராவுக்கு முன் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த முகங்களை அவர் எடுத்த விதத்தை நான் வியந்து வியந்து பார்ப்பேன். 1875இல் கணவரின் காப்பித் தோட்டங்கள் இருந்த இலங்கைக்குக் குடிபோனார். 1879இல் அங்கேயே மலைநாட்டில் இறந்தார். இலங்கையில் அவர் எடுத்தவற்றில் எஞ்சியவை சொற்பமே. அவற்றில் உழைக்கும் மக்களைக் காணலாம், பெண்களையும் காணலாம். களுத்துறைக் குடியானவர்கள் சிலர் என்று ஒரு படத்துக்குத் தலைப்பு. டென்னிசனுக்குப் பெயர் உண்டு, ஹெர்ஷலுக்குப் பெயர் உண்டு, கூலிக்காரப் பெண்ணுக்கு ஊர்ப்பெயர் போதும் என்றாகிவிட்டது. எடுத்தவர் ஒரு பெண். தன் காலத்து ஆண் விமரிசகர்களின் ஏளனத்துக்கு ஆளானவர். அதனால் தோட்டத்துப் பெண்ணுக்கு ஒன்றும் கூடிவிடவில்லை. பெண் பார்வை என்று நாம் அடிக்கடி சொல்லும் சொல், எந்தப் பெண்ணின் பார்வை என்ற கேள்வியைக் கேட்காமல் நழுவிவிடுகிறது.

தமிழில் 'படம் பிடித்தல்' என்கிறோம். மீன் பிடித்தல், ஆள் பிடித்தல்போல. 'எடுத்தல்' என்றும் சொல்கிறோம். யாரிடமிருந்து எடுக்கிறோம் என்ற கேள்வி அந்த வினைச்சொல்லிலேயே தொக்கி நிற்கிறது. புகைப்படம், நிழற்படம், ஒளிப்படம் என்று பெயர்ச்சொல்லுக்கு ஆண்டுக்கணக்கில் சண்டை போட்டவர்கள் இந்த வினைச்சொற்களைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

முகம் இல்லாமல் பெயர் மட்டும் இருக்கும் ஆவணம் ஒன்றும் அதே பெரிய கோயிலில் இருக்கிறது. டிரைப் 19 அடிக்கு நீட்டிய கல்வெட்டு அல்ல, இது வடக்குத் திருச்சுற்று மதிலின் வெளிப்புறத்தில் இருப்பது. இராசராசன் தன் 29ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 1014ஐ ஒட்டி, சோழ நாட்டின் பல கோயில்களிலிருந்து 400 பெண்களைத் தஞ்சைக்குக் கொண்டுவந்து தளிச்சேரிகளில் குடியேற்றினான். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு, ஒரு பங்கு. பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், பெயர் என்ன என்று நானூறு பேருக்கும் கல்லில் வெட்டியிருக்கிறது. தெற்குத் தளிச்சேரியின் தலைவீட்டில் இருந்தவள் நக்கன் சேரமங்கை. திருவையாற்று ஓலோகமாதேவீச்சரத்திலிருந்து வந்தவள். அந்தக் கோயிலைக் கட்டியவர் இராசராசனின் அரசி ஓலோகமாதேவி.

திருவையாற்றை டிரைப் 1858இல் எடுத்தார். திருவையாற்றுப் பெண்ணின் பெயர் அதற்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் இருந்தது. இந்தப் பட்டியலை முதன்முறை முழுவதாகப் படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. பெயர்கள் கூட்டமாக எழுந்து வருவதுபோல இருந்தது. ஆனால் இரண்டாம் முறை படித்தபோது பட்டியலின் வேறு குணம் தெரிந்தது. தெரு, வீடு, வந்த இடம், பங்கு. இது ஒரு பேரேடு. பங்குதாரர் இறந்தாலோ விட்டுப் போனாலோ அவருக்கு நெருங்கிய உறவில் தகுதியானவர் பங்கைப் பெற்றுப் பணியைச் செய்ய வேண்டும் என்ற ஏற்பாடும் கல்வெட்டில் உண்டு. வீடும் நெல்லும் கிடைத்தன என்பது சிறிய விஷயமல்ல. தனக்கென்று வீடும் வருமானமும் உள்ள பெண்கள் இன்றைக்கே எத்தனை பேர்? அதே சமயம் சேரமங்கையை யாராவது கேட்டார்களா, திருவையாற்றை விட்டு வருகிறாயா என்று? கல் அதைச் சொல்லாது. கல் அரசன் பேசும் இடம்.

ஆக, நம் முன் வகைவகையாக ஆவணங்கள் கிடக்கின்றன. பெயர் உண்டு, முகமில்லை. முகம் உண்டு, பெயரில்லை. இரண்டும் இல்லாமல் வெறும் மேகம். எல்லாவற்றிலும் பொதுவாகக் காணாமல்போவது அந்தப் பெண் சொல்லக்கூடிய ஒரு 'சரி' அல்லது 'வேண்டாம்'. தெரிவதா மறைவதா என்ற கேள்வியைவிட இது முக்கியமானது என்பது என் எண்ணம். தெரிவதே விடுதலை என்று எடுத்துக்கொண்டால் ஹூப்பரின் படத்தில் இருப்பவர்கள் விடுதலையானவர்கள் என்று சொல்ல வேண்டிவரும். மறைவதே கண்ணியம் என்றால் கோஷாத் திரைக்கு வாழ்த்துப் பாட வேண்டிவரும். இரண்டையும் என்னால் சொல்ல முடியாது.

திருக்காட்டுப்பள்ளியைச் சுற்றி, குடமுருட்டி பிரியும் இடத்திலிருந்து கல்லணை வரை, நடவுக் காலத்தில் காரை ஓரங்கட்டிவிட்டு நீண்ட லென்ஸோடு இறங்கும் இளைஞர்களைப் பார்க்கலாம். போட்டிகளுக்கும் நாள்காட்டிகளுக்கும் அந்தப் படங்கள் போகும். 'உழைப்பின் அழகு' என்று தலைப்பு வைப்பார்கள். (இப்போது பல வயல்களில் இயந்திரமோ மேற்கு வங்கத்திலிருந்து வரும் ஆண் தொழிலாளர்களோதான் நடுகிறார்கள். அவர்களை யாரும் நாள்காட்டியில் போடுவதில்லை.) ஒருமுறை வரப்போரம் நான் கேட்ட பேச்சு இது. நடவாள் ஒருவர் நிமிர்ந்து, "ஏந் தம்பி, ஒரு வார்த்த கேக்க மாட்டியா?" என்றார். பையன் பணிவாகத்தான் சொன்னான், "மூஞ்சி தெரியாமத்தாங்க்கா எடுத்தேன்." அந்தம்மா சிரிக்காமல் கேட்டார்: "மூஞ்சி தெரியலன்னா அப்பறம் என்னாத்தத் தம்பி எடுத்த?"

அவன் பதில் சொல்லவில்லை. குனிந்து நடும் பெண்ணின் பின்புறத்திலிருந்து எடுத்த படத்தில் என்ன இருக்கும் என்று அவனுக்கும் தெரியும். முகத்தை மறைத்துவிட்டால் அவமானம் இல்லை என்ற அவனுடைய கணக்கில், முகம் மட்டுமே ஆளுக்குச் சொந்தம், மீதி உடம்பு பொதுச்சொத்து. அந்தம்மாள் கேட்டது அந்தக் கணக்கின் அடியை.

என் மாணவி ஒருத்தி வாட்ஸப்பில் செம்பருத்திப் பூவைத்தான் படமாக வைத்திருக்கிறாள். அவள் வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான். பூ, கடவுள், நடிகை, குழந்தை. கருத்தரங்கச் சுவரொட்டிக்குப் படம் கேட்டபோது, "வேண்டாம் மேம். நான் இல்லாத எடத்துல என் மூஞ்சி இருக்குறது பயமா இருக்கு" என்றாள். முகத்தை வெட்டி வேறு உடம்பில் ஒட்டும் வேலையை ஒரு பள்ளிப் பையன்கூட இன்று செய்துவிடுகிறான். அவள் பயம் கற்பனையல்ல. பார்க்கப்படாமல் இருப்பது அவள் உரிமை என்று நான் சொல்லிவிட்டால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் பயத்தால் எடுத்த முடிவை உரிமை என்று பெயர் மாற்றிக் கொடுப்பது, பயமுறுத்துகிறவனுக்கு வேலையை எளிதாக்குவது. அவள் வகுப்புப் பையன்கள் முகத்தோடுதான் இருக்கிறார்கள். சுவரொட்டியில் அவர்கள் நால்வரின் முகங்களும் ஒரு செம்பருத்தியும் வந்தன. பரிசு பெற்ற கட்டுரை செம்பருத்தியினுடையது. வேண்டாம் என்று சொல்வதற்கு விலை இல்லாதபோதுதான், சரி என்பதற்கும் மதிப்பு இருக்கும். அவளைப் பொறுத்தவரை இரண்டுக்கும் விலை இருக்கிறது. அதனால் அவளுடைய பூவை நான் கொண்டாடவும் இல்லை, எடுக்கச் சொல்லவும் இல்லை. அவள் பெயரைப் பெரிய எழுத்தில் போடச் சொன்னேன்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. ஒவ்வொரு படத்துக்கும் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டுமென்றால் கொடுமைகளை யார் ஆவணப்படுத்துவது? பிணத்திடம் யார் கேட்பது? இதே பழைய தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளுமே அதிகம். கூலி உயர்வு கேட்ட தலித் குடும்பங்கள். மிராசுதார்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. இப்படிப்பட்ட இடத்தில் சாட்சிக்குப் படம் வேண்டும் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஹூப்பரின் படங்கள்கூட இன்று பேரரசுக்கு எதிரான சாட்சியாக நிற்கின்றன, அவர் எண்ணியிருக்காத விதத்தில். ஆனால் சாட்சிக்கான படத்துக்கு ஒரு கடன் உண்டு. யாருக்காக எடுக்கப்பட்டதோ அவர்களிடம் அது திரும்பி வர வேண்டும். வெண்மணியில் நினைவிடத்துக்குப் போனால் 44 பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. ஆண்டுதோறும் அந்த நாளில் மக்கள் அங்கே கூடுகிறார்கள். இதுவும் கல்தான். அரசன் வெட்டிய கல் அல்ல.

முதுகலை மாணவிகளுக்கு டிரைப்பின் அகல்படத்தையும் தளிச்சேரிப் பட்டியலையும் ஒரே வகுப்பில் காட்டினேன். சேரமங்கை தன் பெயர் கல்லில் இருப்பதை விரும்பியிருப்பாளா என்று பேச்சு வந்தது. தன் வீடு, தன் பங்கு, யாரும் பிடுங்க முடியாதபடி எழுத்தில் இருக்கிறது, விரும்பாமல் எப்படி என்றாள் ஒருத்தி. அவளுக்குச் சொந்த ஊரில் சித்தப்பாக்களோடு பாகப்பிரிவினை வழக்கு. விடுதிப் பதிவேட்டில்கூடத்தான் நம் பெயர், அறை எண், ஊர் எல்லாம் இருக்கிறது, அதற்காக யாராவது பெருமைப்படுவோமா என்றாள் இன்னொருத்தி. சண்டை மணியடித்த பிறகும் ஓயவில்லை. நேரில் போய் வடக்கு மதிலில் அந்த வரிகளைப் படித்துவிட்டுப் பேசுவோம் என்று முடிவானது. பேருந்தில் அதிகத் தொலைவில்லை. எல்லாரும் தலையாட்டினார்கள். வீட்டில் கேட்டுவிட்டுத்தான் சொல்ல முடியும் என்றார்கள் மூன்று பேர்.